சாயத்துக்கு முன்னால் ஒரு மஞ்சப்பை

‘ஆஞ்சியோ’ என்ற வார்த்தை தெரியாத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஆனால், “அதுல என்னதான் பண்றாங்க?” என்று கேட்டால், “அடைப்பு பாக்குறாங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடும். போன வருடம் எங்கள் தாத்தாவுக்கு மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். கூடவே இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தெரியும். மீதியைப் பிறகு படித்தும், எங்கள் உயிரியல் மிஸ்ஸைக் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. அதனால் மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குழாயை விட்டு, இதயத்தின் ரத்தக்குழாய் வாய்வரை கொண்டுபோய், ஒரு மருந்தைச் செலுத்துகிறார்கள். எல்லோரும் அதை ‘டை’ என்கிறார்கள். பெயர்தான் சாயம், பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். அதிலுள்ள அயோடின் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும். அப்போது ரத்தக்குழாய் வேப்பமரக் கிளை மாதிரி திரையில் தெரியும். மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் சுடுதண்ணி ஓடுற மாதிரி இருந்ததாம் தாத்தாவுக்கு. அது பலருக்கும் வருவதுதான், ஒரு நிமிடத்துக்குள் போய்விடும்.

இந்த மருந்து சும்மா வந்துவிடவில்லை. 1930களிலும் 40களிலும் ‘தோரோட்ராஸ்ட்’ என்று ஒன்றைப் பயன்படுத்தினார்கள். படம் அருமையாக விழுந்தது, நோயாளிக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதில் இருந்தது தோரியம், கதிர்வீச்சு உள்ள உலோகம். அது உடம்பை விட்டு வெளியேறாமல் கல்லீரலிலேயே தங்கிவிட்டது. பல வருடங்கள் கழித்து அவர்களில் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.

அயோடின் மருந்துகளிலும் பழையவை கடுமையானவை. ரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவு, ஏற்றும்போது நோயாளிகள் வலியில் துடித்திருக்கிறார்கள். சுவீடன் நாட்டு டாக்டர் டோர்ஸ்டன் அல்மேன் இதை யோசித்தார். கடலில் கண்ணைத் திறந்தால் எரிகிறது, உப்புக் குறைந்த தண்ணீரில் எரிவதில்லை. அப்படியென்றால் மருந்தின் செறிவைக் குறைத்தால் ரத்தக்குழாயும் எரியாதே! 1969ல் அந்தக் கருத்தை வெளியிட்டார். இன்றைக்குக் கொடுக்கும் மருந்துகள் அந்த வழியில் வந்தவைதான். நாம் பதினோராம் வகுப்பில் படிக்கிற சவ்வூடு பரவல்தான் இது, வேறொன்றுமில்லை.

இப்போது தாத்தா கதைக்கு வருகிறேன். முதல் நாள் நர்ஸ் அக்கா ஒரு தாளை வைத்துக்கொண்டு, “தாத்தா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

“சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை. அம்புட்டுத்தான்.”

“வேற எதுவும் இல்லையே?”

“இல்லத்தா.”

அப்பத்தா ஒன்றும் பேசாமல் மஞ்சப்பையைக் கட்டில்மேல் கவிழ்த்தார். அதிலிருந்து விழுந்தது பூராவும் மூட்டுவலி மாத்திரை அட்டை! “தெனம் ரெண்டு முழுங்குறாக. கேட்டா கோவம் வருது” என்றார். தாத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ‘டை’ வெளியேறுவதும் சிறுநீரகம் வழியாகத்தான். சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. 1.3க்குள் இருக்கவேண்டிய கிரியாட்டினின் 1.9 இருந்தது. “ஐயா, நாளைக்கு வேணாம். வலி மாத்திரைய நிப்பாட்டுங்க, ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம்” என்றார் டாக்டர். தாத்தாவுக்கு அவசரம் இல்லாததால் தள்ளிப்போட முடிந்தது. மாரடைப்போடு வருகிறவர்களுக்கு அப்படிக் காத்திருக்க முடியாதாம்.

ஒரு வாரத்தில் 1.4க்கு இறங்கியது. முன்னும் பின்னும் சலைன் ஏற்றி, மருந்தையும் முடிந்தவரை குறைவாக விட்டுப் படம் எடுத்தார்கள். சுகருக்குத் தாத்தா சாப்பிடும் மெட்பார்மினையும் 48 மணி நேரம் நிறுத்தச் சொன்னார்கள். சிறுநீரகம் மக்கர் பண்ணினால் அது உடம்பில் சேர்ந்து ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடுமாம். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. யாருக்கு நிறுத்தவேண்டும் என்பது டாக்டர் சொல்லவேண்டியது, பக்கத்துக் கட்டில்காரர் அல்ல. (அவர்தான் எங்களுக்கு நிறைய சொன்னார்!)

அவர் சொன்ன இன்னொன்று, “இறா சாப்பிட்டு அரிச்சா இந்த மருந்து ஆகாது, ரெண்டுலயும் அயோடின்.” மிஸ்ஸிடம் கேட்டேன். இறால் அரிப்புக்குக் காரணம் அதிலுள்ள புரதம். அயோடின் நாம் தினமும் சாப்பிடும் உப்பிலேயே இருக்கிறது. முன்பு இதே மாதிரி மருந்து ஏற்றியபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். ஆஸ்துமா, மற்ற ஒவ்வாமைகளையும் சொல்லிவிடுவது நல்லது. கடுமையான ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனால் வந்தால் நிமிடங்களில் முற்றிவிடும். அதற்காக அட்ரினலின் ஊசியைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

தாத்தாவுக்கு ஒரே ஒரு சின்ன அடைப்பு, மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்த பரிசோதனையிலும் 1.4தான். மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. ராத்திரியில் அப்பத்தா திட்டிக்கொண்டே தைலம் தேய்த்துவிடுகிறார். மெடிக்கல் கடை அண்ணன், “என்னப்பா, தாத்தாவ ஆளையே காணோம்?” என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.