கடையும் கண்ணியமும்

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள ஒரு பெரிய கடைக்குச் சாமான் வாங்கச் சென்றிருந்தோம். நாமே கூடையை ஏந்தி, நாமே தட்டுகளிலிருந்து வேண்டியதை எடுத்து, வாசலருகே பணம் செலுத்திவிட்டு வரும் முறையில் அமைந்த கடை அது. 'சுப்பர் மார்க்கட்' என்றால் நம் ஊர்க் குழந்தையும் வழி காட்டும். அன்று அங்கே நாம் நடந்துகொண்ட விதத்தை எண்ணினால் இன்றும் நெஞ்சு உறுத்துகின்றது. அதனை ஒளியாமல் வாசகர்களுக்குக் கூறிவிடுவதே நன்று.

வாசலிலேயே நம் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, இலக்கமிட்ட வில்லையொன்றைத் தந்தனர். அதனைப் பொறுத்துக்கொண்டோம். உள்ளே சென்று பருப்புத் தட்டருகே நின்றபோது, சீருடை அணிந்த இளம்பெண் ஒருத்தி நம் பின்னே இரண்டடி தள்ளி நிற்பதைக் கண்டோம். சவர்க்காரம் இருக்கும் பக்கம் திரும்பினோம், அவளும் திரும்பினாள். பால்மாவின் விலையைக் கண்ணாடி போட்டு வாசித்தோம்; அவள் நம் கையையே பார்த்து நின்றாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் களவு தீது என்று கற்பித்த நமக்கா இந்தக் காவல் என்று உள்ளம் கொதித்தது. "என்ன பிள்ளை, எங்களைக் கள்ளரெண்டு நினைச்சியோ?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரத்துக் கேட்டுவிட்டோம்.

அவள் முகம் கறுத்துவிட்டது. பிறகு மெல்லிய குரலில், "ரீச்சர், குறை நினையாதேயுங்கோ. ஆரையும் தனிய விடக்கூடாதெண்டு சொல்லியிருக்கினம். சாமான் குறைஞ்சால் எங்கட சம்பளத்திலைதான் கழிப்பினம். நான் உங்களட்டைத்தான் அஞ்சாம் வகுப்புப் படிச்சனான்" என்றாள்.

நமக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளோ நம்மை உள்ளே நுழைந்த கணத்திலேயே அறிந்திருக்கிறாள். அறிந்தும் பின்தொடர வேண்டியிருந்தது. மறுமொழி ஏதும் சொல்ல நாவெழாமல் பணத்தைச் செலுத்தினோம். வாசற் காவலர் பற்றுச்சீட்டைப் பார்த்து அடையாளமிட்டார். வீதியில் ஒரு மான் குப்பைக் கூடையை முகர்ந்துகொண்டு நின்றது. கோட்டையிலிருந்து நகருக்குள் உலவ வரும் அந்த மானுக்கு உள்ள சுதந்திரம் கூட அந்தப் பெண்ணுக்கு இல்லையே என்று எண்ணியபடி வீடு வந்தோம்.

இவ்விடத்தில், "அந்தக் காலத்துக் கடைகளே நல்லவை" என்று முடித்துவிடுவது எளிது. நாமும் பல முறை அப்படிப் பேசியவர்களே. நம் இளமையில் மத்திய வீதியில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. முதலாளி பலகைக்குப் பின்னால் இருப்பார். கூப்பன் அரிசி தவிர்ந்த மற்ற யாவும் அவரிடந்தான். கடதாசிச் சுருளில் சீனியைக் கட்டி, சணல் நூலைப் பல்லாற் கடித்து அறுத்து, பிள்ளைகளுக்குக் கற்கண்டுத் துண்டொன்றும் கொடுப்பார். அப்பாவின் பெயரில் கடன் கொப்பி இருந்தது. நம்மை ஒருநாளும் அவர் சந்தேகித்ததில்லை.

ஆயினும் அதே கடையில் நாம் கண்ட மற்றொரு காட்சியையும் கூற வேண்டும். மீன் விற்கும் ஒரு மூதாட்டி வருவார். அவர் படியேறுவதில்லை, வீதியிலேயே நிற்பார். மீதிக் காசைக் கொடுக்கும்போது, கை படாமல் இருக்க, முதலாளி அதனை மேலிருந்து அவருடைய உள்ளங்கையிற் போடுவார். ஒருநாள் ஒரு சதம் தவறி மணலில் விழுந்தது. மூதாட்டி குனிந்து தேடினார், எவரும் உதவவில்லை. நாமும் கற்கண்டைச் சுவைத்தபடி பார்த்துக்கொண்டுதான் நின்றோம். நமக்குக் கிடைத்த மரியாதை எல்லார்க்கும் கிடைத்த மரியாதை அன்று.

தானே எடுக்கும் கடை அந்தப் பலகையை நீக்கிவிட்டது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து இம்முறையைப் புகழ்பெறச் செய்தார். சுழல்வாயில் வழியே புகுந்து, தட்டுகளையெல்லாம் கடந்து, காசாளரிடம் வந்து முடியும் பாதை அது. சிப்பந்திகளைக் குறைத்து விலையைத் தாழ்த்துவதே அவர் நோக்கம். எனினும் அதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. யாரும் யாரையும் படியில் நிறுத்தாமல், எவரும் கூடையை எடுத்து உள்ளே நடக்கலாம் என்றாயிற்று. அம்மூதாட்டி இன்று இருந்தால் அவரும் அப்படியே நடந்திருப்பார். ஆனால் பலகை போன இடத்தில் ஐயம் வந்து அமர்ந்துகொண்டது. முன்பு சிலரை மட்டும் இழிவாய் நோக்கினர். இன்று எல்லாரையும் ஒரே கண்ணால் ஐயுறுகின்றனர்.

மேல்நாடுகளில் இன்னும் ஒரு படி சென்றுவிட்டனர். கனடாவில் ஸ்காபரோவில் வாழும் நம் தங்கை மகள் தொலைபேசியில் விவரித்தாள். அங்கே காசாளர் செய்த வேலையையும் வாங்குபவரே செய்கிறார். பொருளின் கோட்டுக் குறியை இயந்திரத்திற்குக் காட்டிப் பைக்குள் வைக்க வேண்டும். பையின் கீழே தராசு உண்டு. பதிந்த பொருளின் நிறைக்கும் தராசின் நிறைக்கும் ஒவ்வாவிடின் இயந்திரம் குரல் கொடுக்கும்; விளக்கு எரியும்; பல இயந்திரங்களுக்குப் பொறுப்பாக நிற்கும் ஒரே சிப்பந்தி ஓடி வருவார். "பிழை இயந்திரத்தினது எண்டாலும், சனமெல்லாம் என்னைத்தான் பார்க்கும் பெரியம்மா" என்றாள். ஓடி வரும் சிப்பந்திதான் ஏச்சும் வாங்குகிறாராம். இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள 'பூத்ஸ்' என்ற கடை நிறுவனம் 2023இல் தன் கடைகளிற் பெரும்பாலானவற்றிலிருந்து இவ்வியந்திரங்களை அகற்றுவதாக அறிவித்தது. மனிதரின் பணிவிடையே மேலென்று அந்நிறுவனம் கருதியது.

ஆக, பலகையோ தட்டோ இயந்திரமோ மட்டும் மரியாதையைத் தருவதில்லை. கடைச் சிப்பந்தி நம்மை எப்படி நடத்துகிறார் என்று கேட்கும் நாம், அவரை அவருடைய கடை எப்படி நடத்துகிறது என்றும், நாம் எப்படி நடத்துகிறோம் என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று சாதாரண வேலைநேரத்தை வரையறுத்துள்ளது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் இருப்பதற்கு உரிமை கேட்டுப் போராடினர். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடை ஊழியர்க்கு இருக்கை வழங்க வேண்டுமெனச் சட்டத் திருத்தம் வந்தது. ஓர் இருக்கைக்காகச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நாளெல்லாம் கால் கடுக்க நிற்பவளிடம் மலர்ந்த முகத்தை எதிர்பார்ப்பது எவ்விதம் நியாயமாகும்?

திங்கட்கிழமை மீண்டும் அக்கடைக்குச் சென்றோம். உரத்து ஏசிய பிழைக்கு மறைவில் மன்னிப்புக் கேட்பது போதாது என்று நம் மனம் சொல்லிற்று. அதே பருப்புத் தட்டருகே, மற்றவர் காதிலும் விழும்படி, "பிள்ளை, அண்டைக்கு ஏசினது எங்கட பிழை. மனசிலை வைச்சிருக்காதை" என்றோம். அவள் திகைத்தாள், பின் கண் கலங்கச் சிரித்தாள். பிறகு முகாமையாளரிடம் சென்று, இப்பிள்ளைகள் இடையிடையே இளைப்பாற ஓர் இருக்கை வைக்கலாகாதா என்று வினவினோம். அவர் பொறுமையாய்க் கேட்டு, "மேலிடத்துக்கு எழுத வேணும் அம்மா" என்றார். அவரும் ஒரு சிப்பந்தியே அல்லவா?

இருக்கை இன்னும் வரவில்லை. அப்பெண் இன்றும் நம்முடன் தட்டுக்குத் தட்டு வருகிறாள்; அவளுக்கு இட்ட கட்டளை அது. ஆனால் இப்போது பின்னே வருவதில்லை; பக்கத்தில் நடக்கிறாள். தம்பியின் பரீட்சையைப் பற்றிச் சொல்கிறாள். வாசலில் கேட்குமுன்னரே நாம் பையைக் கொடுத்துவிடுகிறோம். வரும் வெள்ளியன்று இருக்கையைப் பற்றி மறுமுறையும் விசாரிக்க எண்ணியுள்ளோம். வாசகர்களும் தத்தம் ஊர்க் கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலரும் கேட்டால் மேலிடத்துக்கும் எட்டக்கூடும்.