நம்பர் தெரியும், எழுத்து தெரியாது

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளிக்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். நாற்பது வரை எண்ணினேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டேன். சோளக்காட்டில் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் மிளகு வாங்கப் போன இடத்தில்தான் யூட்யூபின் வடிவமைப்பைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான விமர்சனம் கிடைத்தது. சொன்னவர் அறுபதைத் தாண்டிய அம்மா. பள்ளிக்கூடம் போனதில்லை.

மிளகுக் கொடி வாடலுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். மைக் படத்தைத் தொட்டு வாயால் கேட்கிறார். வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. எதை நம்புவது?

"முன்னயெல்லாம் கீழ பாக்கற கட்டை விரலுக்குப் பக்கத்துல நம்பரு இருக்குமுங்க. பெருசா இருந்தா தள்ளிட்டுப் போயிருவேன். இப்ப விரலு இருக்குது, நம்பரைக் காணோம்."

உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். காணோம்தான்.

யூட்யூப் ஆரம்பத்தில் ஐந்து நட்சத்திரம் வைத்திருந்தது. பெரும்பாலோர் ஐந்தையுமே வாரி வழங்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, 2010-ல் மேல் விரல், கீழ் விரலுக்கு மாறினார்கள். 2021 நவம்பரில் கீழ் விரலின் எண்ணிக்கையை மட்டும் மறைத்தார்கள். கும்பல் சேர்ந்துகொண்டு சின்னச் சின்ன சேனல்களைக் குறிவைத்து டிஸ்லைக் போட்டுத் துன்புறுத்துகிறார்கள் என்பது காரணம். யூட்யூபைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீமுக்கே இது பிடிக்கவில்லை. 2005-ல் அவர் மிருகக்காட்சி சாலையில் நின்று பேசியதுதான் அந்தத் தளத்தின் முதல் வீடியோ. அதன் குறிப்பையே திருத்தி எழுதி எதிர்ப்பைத் தெரிவித்தார்.

"கமெண்ட்டைப் படிச்சா தெரியுமே" என்றேன். சொன்ன பிறகுதான் என் அசட்டுத்தனம் உறைத்தது.

"எழுத்து தெரியாதுங்க. நம்பரு தெரியும்."

தெரியாமல் எப்படி? ரூபாய் நோட்டும் தராசு முள்ளும் படிக்கத் தெரியாமல் சந்தையில் மிளகு விற்க முடியுமா? மெத்தப் படித்த நமக்கு அந்த எண் பல அடையாளங்களில் ஒன்று. அவருக்கு இருந்ததே அது ஒன்றுதான். 2025-ல் பட்டன்களின் உருவத்தை மாற்றினார்கள். பார்க்க லட்சணம்தான். ஆனால் அழகை மாற்றுவது வேறு, தகவலை எடுத்துவிடுவது வேறு.

இந்த இடத்தில் தீர்ப்பை எழுதிவிட்டு நான் மலை இறங்கியிருக்கலாம். பேரன் குறுக்கிட்டான். கல்லூரிப் பையன்.

"ஒம்பதாவது படிக்கறப்ப ஆகாய கங்கை அருவிய வீடியோ எடுத்துப் போட்டேன் சார். கிளாஸ் பசங்க சேந்து பதினெட்டு டிஸ்லைக் அமுக்கிட்டானுங்க. ஆயா பாத்துரக் கூடாதுன்னு ராத்திரியோட ராத்திரியா அழிச்சுட்டேன்."

ஒரே வீடு. பாட்டிக்கு அந்த எண் வழிகாட்டி, பேரனுக்கு அவமானம். இரண்டு பேரில் யாரை ஏமாற்றலாம், சொல்லுங்கள்? மருந்து, சமையல், பாடம் என்று ஒருவர் நம்பிச் செய்து பார்க்கக்கூடிய வீடியோக்களுக்கு மட்டுமாவது எண்ணைக் காட்டலாம் என்பது என் கட்சி. அருவியை விட்டுவிடலாம். அருவியை நம்பி யாரும் கொடிக்கு மருந்து அடிப்பதில்லை.

கிளம்பும்போது பார்த்தேன். 'ஒரே ராத்திரியில் கொடி துளிர்க்கும்' என்று ஒருவர் சத்தியம் செய்துகொண்டிருந்தார். அம்மா கீழ் விரலை அழுத்தினார்.

"அதான் நம்பர் தெரியாதே, எதுக்கு அமுக்கறீங்க?"

"போட்டவனுக்குத் தெரியுமாமுங்க. பேரன் சொன்னான். அவனாச்சும் தெரிஞ்சுக்கட்டும்."