நாற்பத்தொரு மிஸ்டு கால்

எங்கள் கல்யாணம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று காட்ட எனக்கு 28 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

2021 மே மாதம். மதுரையில் ஊரடங்கு. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஏழு மாத மகளைத் தொட்டிலில் போட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையில் போனைத் திறந்தேன். ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையிலிருந்து மின்னஞ்சல். விண்ணப்பித்த நாளிலிருந்து இன்றுவரை உங்கள் உறவு தொடர்கிறது என்பதற்குக் கூடுதல் ஆதாரங்களை அனுப்பவும் என்று இருந்தது.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"நாங்க புருஷன் பொண்டாட்டிதானான்னு கேக்குறாங்க."

அம்மா தொட்டிலைப் பார்த்தாள். "அப்ப இது யாராம்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அம்மாவின் கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

எங்கள் கல்யாணம் 2019 பிப்ரவரியில் திருப்பரங்குன்றத்தில் நடந்தது. பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். அவர் மெல்போர்னில் டாண்டினாங் பக்கம் லாரிப் பட்டறையில் மெக்கானிக். படிக்கப் போய், வேலை கிடைத்து, நிரந்தரக் குடியுரிமை அட்டை போல ஒன்று வாங்கி, அதன் பிறகுதான் பெண் பார்க்க வந்தார். கல்யாணம் முடிந்து ஐந்து வாரம் இருந்தார். அந்த ஐந்து வாரத்தில் பாதி விருந்துச் சாப்பாட்டிலும், மீதி சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்வதிலும், என் பாஸ்போர்ட்டில் அவர் பெயரைச் சேர்ப்பதிலும் போனது. ஜூலையில் பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். வெளிநாட்டில் இருந்து போடுவதற்கு 309 என்று எண். அதில் போய், விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு வருடம் ஆனபின் மறுபடி ஆதாரம் கொடுத்தால் 100 என்ற நிரந்தர விசா. கட்டணம் 7,000 டாலருக்கும் மேல். நம் கணக்கில் மூன்றரை லட்சத்தைத் தாண்டும். நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது.

அந்த நாட்டின் 1994ஆம் ஆண்டு குடிபெயர்வு விதிகளில் 1.15ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கணவன் மனைவி என்றால் என்ன என்பதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அதிகாரிக்குச் சொல்லும் பிரிவு. நான்கு தலைப்புகள்: பணம், வீடு, சமூகம், ஒருவர் மீது ஒருவருக்குள்ள பிடிமானம். பணத்தை ஒன்றாகக் கையாள்கிறீர்களா? வீட்டு வேலையை யார் செய்கிறார்கள்? வெளியில் உங்களைத் தம்பதி என்று எல்லோருக்கும் தெரியுமா? இது கடைசிவரைக்கும் என்று நினைக்கிறீர்களா?

முதன்முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. எங்களுக்கு ஒன்றாக வீடே இல்லை. பணம் அவர் என் கணக்கில் போடுவார், நான் அம்மா கையில் கொடுப்பேன். சமூகம் மட்டும் தாராளமாக இருந்தது: கல்யாணத்துக்கு 600 பேர். ஆனால் அவர்களில் ஒருவர்கூடச் சாட்சிக்கு ஆக மாட்டார். 888 என்ற சாட்சிப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாக வாழ்பவராகவோ இருக்க வேண்டும். என்னை நேரில் பார்த்தே இராத இரண்டு பேர்தான் எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னார்கள். அதில் ஒருவர் பட்டறையில் கூட வேலை பார்க்கும் வியட்நாம்காரர். அவர் எழுதியது இதுதான்: தினமும் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் இவன் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் மனைவியிடம் பேசுவான். அந்த நேரத்தில் எங்களில் யாரும் அவனைக் கூப்பிட மாட்டோம்.

அந்தப் பன்னிரண்டரை மணி எனக்குக் காலை எட்டு. அங்கே கோடைக்காலத்தில் கடிகாரத்தைத் தள்ளி வைத்தால் ஏழு. வருடத்துக்கு இரண்டு முறை என் காலையும் ஒரு மணி நேரம் நகரும்.

2019 டிசம்பரில் லீவில் வந்துவிட்டு ஜனவரியில் திரும்பினார். பிப்ரவரியில் நான் கர்ப்பம் என்று தெரிந்தது. மார்ச் 20 அன்று ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. ஐந்து நாளில் இன்னொரு உத்தரவு: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் விதிவிலக்கு வாங்காமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. உள்ளே வர முடியாத நாடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெளியே விடாத நாட்டுக்கு நான் மனு போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

வளைகாப்பு ஆனிக் கடைசியில். ஆடி பிறந்துவிட்டால் செய்ய மாட்டார்கள். மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு. வளையல்காரர் வர முடியவில்லை, பக்கத்துத் தெரு ஃபேன்சி ஸ்டோரில் பின்வாசல் வழியாக வாங்கி வந்தார்கள். ஏழு பேர். போனைச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தது, அதில் அவர். அடிக்கடி உறைந்துபோவார். சந்தனம் பூசும்போது வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அன்று ராத்திரி கேட்டேன். "பிள்ளை பொறக்குறப்பவாவது வர முடியுமா?"

"எப்படிம்மா வர்றது? வெளிய விட மாட்டாங்க."

"விதிவிலக்கு கேட்டா குடுக்குறாங்களாமே. கேட்டுப் பாத்தீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இல்ல."

நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. அந்த ஒரு "இல்ல"வில்தான் எனக்கு எல்லாம் விட்டுப்போனது. முடியாது என்று அவர்கள் சொல்லியிருந்தால் அவர்கள்மீது கோபப்பட்டிருப்பேன். இவர் கேட்கவே இல்லை. போனை வைத்தேன். மறுநாள் எட்டு மணிக்கு அடித்தபோது எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்கேனில் நீர் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்றார் டாக்டர். மறுநாள் காலை எட்டுக்குப் போன் அடித்தது, எடுத்துவிட்டேன். "சொல்லும்மா" என்றார், நேற்று விட்ட இடத்தில் தொடங்குவது போல. நீர் குறைவு என்று சொன்னேன். அழுதேன். இளநீர் குடி என்றார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. அக்டோபரில் மகள் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழை அனுப்பினோம், அவளையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது இந்த மின்னஞ்சல். மாதத்துக்கு ஒரு பக்கம் வீதம் வாட்ஸ்அப் அழைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் என்றார் எங்களுக்கு உதவிய கன்சல்டன்சிக்காரர். எல்லா மாதத்துக்கும் இருக்கும், 2020 ஆகஸ்டுக்கு இருக்காதே என்று இழுத்தேன். விவரம் சொன்னதும், "சிஸ்டர், அந்த மாசத்த விட்ருங்க. இல்லன்னா செப்டம்பர்ல ரெண்டு பக்கம் வைங்க. சண்டையெல்லாம் எழுதிக் குடுத்தா நாமளே அவங்க கையில கத்தியக் குடுக்குற மாதிரி" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தக் கேள்விகளுக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1979இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், கல்யாணம் செய்துகொள்ள வந்த ஓர் இந்தியப் பெண்ணை அதிகாரிகள் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி பத்திரிகையில் வந்து பெரிய கூச்சலான பிறகே அதை நிறுத்தினார்கள். ஆஸ்திரேலியாவிலேயே, போருக்குப் பிறகு ஜப்பானியர்களுக்கு அனுமதி இல்லாத காலத்தில், கோர்டன் பார்க்கர் என்ற படைவீரர் ஹிரோஷிமா பக்கம் மணந்த மனைவியைக் கூட்டிவர வருடக்கணக்கில் அரசிடம் மன்றாடினார். செர்ரி பார்க்கர் தன் இரண்டு மகள்களோடு வந்து சேர்ந்தது 1952இல். வந்த முதல் ஜப்பானிய மணப்பெண் அவர்தான். பால் கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் ராத்திரியில் படிப்பேன். அவர்களோடு ஒப்பிட்டால் என்னிடம் கேட்டது ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். ஆனாலும் கேட்கும் இடத்தில் அவர்களும் சொல்லும் இடத்தில் நானும் இருப்பது மாறவில்லை.

அம்மாவிடம், "உன்கிட்டக் கேட்டிருந்தா என்ன குடுத்திருப்ப?" என்றேன். அவளும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் போட்டோ ஒன்றே ஒன்று, அதிலும் நடுவில் அத்தை நிற்கிறார். "என்னத்தக் குடுக்க? உங்க மூணு பேரத்தான் நிறுத்தியிருப்பேன்" என்றாள்.

ஆகஸ்ட் பக்கம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் மேலே மேலே நகர்த்திக்கொண்டு போனேன். பக்கம் இருந்தது. சிவப்பு எழுத்தில் தவறிய அழைப்பு, காலை 8:01. அடுத்த நாள், 8:00. அடுத்து 8:02. ஞாயிற்றுக்கிழமைகளிலும், பட்டறை இல்லாத நாளிலும் அதே நேரம். ஒரு நாளைக்கு ஒன்றுதான், இரண்டாம் முறை அடித்துத் தொந்தரவு செய்யவில்லை. எண்ணினேன். நாற்பத்தொன்று.

"உனக்குத் தெரியுமா?" என்று அம்மாவிடம் காட்டினேன்.

"நீ எடுக்கலன்னா சாயங்காலம் எனக்குப் பண்ணுவாரு. 'அத்தை, அவ சாப்ட்டாளா?'ன்னு கேப்பாரு. உன்கிட்டச் சொல்ல வேணாம்னுட்டாரு."

கன்சல்டன்சிக்காரர் பேச்சைக் கேட்கவில்லை. 41 வரிகளையும் அப்படியே படம் எடுத்துச் சேர்த்தேன். என் வாக்குமூலத்தில், இந்த நாட்களில் நான் கணவரோடு பேசவில்லை, கோபமாக இருந்தேன் என்று எழுதி, காரணத்தையும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அவருக்குப் போட்டுக் காட்டினேன். படித்துவிட்டு "சரி" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவருடைய வாக்குமூலம் பிடிஎஃப்பாக வந்தது. அவர் ஆங்கிலம் எளிமையானது, லாரிக்கு என்ன கோளாறு என்று எழுதும் ஆங்கிலம். அதில் ஒரு பத்தி:

நான் விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கவில்லை. கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். கொடுத்தால் போக வேண்டும். போனால் திரும்ப முடியாது. வேலை போனால் இவர்களை எப்படிக் கூட்டி வருவேன் என்று தெரியவில்லை. இதை என் மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் கோபம் சரி.

தமிழில் என்னிடம் சொல்லாததை ஆங்கிலத்தில் முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் சொல்லியிருந்தார். தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பத்தியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

அவர் பயம் பொய்யும் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்புதான், ஏப்ரல் 27 முதல் இந்தியாவிலிருந்து விமானங்களை ஆஸ்திரேலியா நிறுத்தியிருந்தது. மே 3 முதல், பதினான்கு நாட்களுக்குள் இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பினால் சொந்தக் குடிமக்களுக்கே ஐந்து வருடம் வரை சிறை என்றார்கள். பாதி மாதத்தில் அந்தத் தடை விலகியது. அதனால் பிரசவத்தில் நான் தனியாக இருந்தது இல்லை என்று ஆகிவிடாது. அவர் பயந்ததும் நான் கோபப்பட்டதும் இரண்டும் நடந்தவை. கோப்பில் இரண்டும் இருந்தன.

நவம்பரில் விசா வந்தது. விண்ணப்பத்தில் 'குடும்பம்' என்ற இடத்தில் என் பெயரும் மகள் பெயரும் மட்டும். அம்மாவைக் கூட்டிப் போக முடியுமா என்று அப்போதே பார்த்தேன். பெற்றோர் விசாவுக்கு, பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், அண்ணன்கள் இருவரும் இங்கே. மூன்றில் ஒன்று பாதி ஆகாது. "நான் எங்க வர்றது? கரன்ட் பில் யாரு கட்டுறது?" என்றாள். கிளம்பும் நாள் வரை பேத்தியின் துணிகளை மடித்து வைத்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

2022 ஜனவரியில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்போர்ன். வருகை வாசலில் அவர் நின்றிருந்தார், போனில் தெரிவதைவிடக் குள்ளமாக. மகள் அவரிடம் போகவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் கையை நீட்டவில்லை. "பழகட்டும், அவசரமில்ல" என்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பழக மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் முழுக்க, அப்பா எங்கே என்று கேட்டால் என் போனைக் காட்டுவாள்.

வந்து சில மாதங்களில் இரண்டாம் கட்ட ஆதாரங்கள். இந்த முறை சுலபம். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயர், மின்சார பில்லில் இருவர் பெயர், ஒரே வங்கிக் கணக்கு, காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் மூவரும் நிற்கும் போட்டோ. வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்ற இடத்தில், பாத்திரம் அவர், சமையல் நான் என்று எழுதினோம். அழைப்புப் பட்டியல் தேவைப்படவில்லை. போனில் பேசிக்கொள்வது பால் வாங்கி வாங்க என்ற அளவுக்குக் குறைந்திருந்தது.

சண்டை குறையவில்லை. போன வாரம்கூடப் பெரிய சண்டை. அம்மாவைப் பார்க்க இந்த வருடம் ஊருக்குப் போவதைப் பற்றி. டிக்கெட் விலை பார்த்தீங்களா என்று கேட்டேன். "இல்ல" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. நான் இருப்பது பட்டறையிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில். எடுத்தேன்.

"சொல்லும்மா. டிக்கெட் பாத்துட்டேன்."