கணனித் திரையில் ஒரு கற்பனை நாடு



தாயகத்தில் நாம் புவியியல் கற்பித்த காலத்தில் நிலப்படம் வரைவதற்குப் பென்சிலும் வண்ணக்கோல்களுமே துணையாயிருந்தன. இன்று நம் மேல்வகுப்பு மாணவர் கணனித் திரையில் கற்பனை நாடுகளை வரைகின்றனர். இது வீண்பொழுது அன்றோ எனப் பெற்றோர் சிலர் வினவினர். அன்று என்பதே நம் மறுமொழி. ஸ்கொத்லாந்து எழுத்தாளர் ரொபேட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் விளையாட்டாக வரைந்த தீவுப்படமே, 1883இல் 'புதையல் தீவு' என்னும் நூலாக விரிந்தது.

இப்பணிக்கு நாம் பயன்படுத்தும் 'கிம்ப்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. கண்ணாடித் தாள்களை அடுக்கினாற்போலப் பல படலங்களாக அதில் வரையலாம். முதற் படலத்தில் மேகம் போன்ற கருமை வெண்மைக் கலவையை மென்பொருளே நிரப்பித் தரும். குறித்த அளவுக்கு மேல் வெளுத்தது நிலம், ஏனையது கடல் எனப் பிரித்தால் இயற்கையான நெளிவுகளோடு கரையோரம் தோன்றும். அதே கலவையில் வெண்மையை மேடாகவும் கருமையைப் பள்ளமாகவும் கொண்டு ஒளிபாய்ச்சினால் மலைகள் புடைத்தெழும். ஒளி மேல் இடப்புறத்திலிருந்து வருதல் நன்று. கீழிருந்து வந்தால் மலையும் பள்ளமாகத் தோன்றும்.

நிலத்திற்கு இழையூட்டுகையில் ஐந்திணையைத் துணைக்கொண்டோம். குறிஞ்சிக்குக் கரடுமுரடான தூரிகை, முல்லைக்கு அடர்ந்த பசும்புள்ளிகள், மருதத்திற்கு வரப்புக் கோடுகள், நெய்தலுக்கு மணற்றுகள். பாலைக்குத் தனியிழை வேண்டியதில்லை. குறிஞ்சியும் முல்லையும் வறண்டதே பாலையாதலின், அவற்றின் பசுமையைக் குறைத்தாலே போதும். ஆறோ மலையிற் பிறந்து கடலை அடையவேண்டும். கற்பனை நாட்டிலும் நீர் மேடேறாது.

இறுதியாக வருவது பெயரிடல். நமக்கு அதுவே முதன்மையானது. தமிழ் ஊர்ப்பெயர் நிலத்தின் இயல்பைச் சொல்லும். பருத்தித்துறையில் துறையும், மாங்குளத்தில் குளமும், நெடுந்தீவில் தீவும் உள்ளன. இதனை விளக்கியபின், ஒரு மாணவி தன் கற்பனைக் கரையில் பாட்டியாரின் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினாள். அவ்வூரை அவள் கண்டதில்லை. கோவில் எங்கே, நன்னீர்க் கிணறு எங்கே எனப் பாட்டியாரிடம் தொலைபேசியிற் கேட்டுக் குறித்து வந்தாள். சிறிய ஊர்கள் பல அச்சிட்ட படங்களில் இடம்பெறுவதில்லை. அவற்றை அறிந்தோரும் மறைந்துவிட்டால் பின்னர் எவரிடம் கேட்பது?

எனவே, பெற்றோர்களே, பிள்ளை படம் வரையும்போது சற்றே அருகில் அமருங்கள். உங்கள் ஊரின் ஒழுங்கைகளையும் வயல்களையும் குளங்களையும் பெயர்சொல்லிக் கூறுங்கள். பிள்ளைகள் வரையும் நாடு கற்பனையாயினும், அதில் அவர்கள் எழுதும் பெயர்கள் உண்மையானவை. அவை தமிழில் எழுதப்படட்டும்.