பல்லாங்குழியில் பிறந்த பசு

ஜூன் மாதம் வந்தால் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நான்கு வார விடுமுறை. பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே பெற்றோரின் கவலை.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் பயின்ற நான், இங்கே அக்காள் வீட்டில் தங்கிப் பல்கலைக்கழகம் செல்கிறேன். அக்காள் பிள்ளைகளுக்கு வயது ஒன்பதும் ஏழும். தமிழ் அவர்களுக்கு ஒரு பாடம். விளையாட்டும் சண்டையும் ஆங்கிலத்தில்தான்.

சென்ற விடுமுறையில் மணிலா அட்டையில் 14 வட்டங்கள் வரைந்தேன். தேக்கா சந்தையில் வாங்கிய புளியின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, வட்டத்துக்கு ஐந்தாக இட்டோம்.

"இது சொங்காக்தானே, மாமா?" என்றான் பெரியவன்.

மலாய்க்காரர்களின் சொங்காக்கும் நம் பல்லாங்குழியும் ஒரே குடும்பம்தான். ஆனால், ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் நாம் அதைப் 'பசு' என்போம்.

"ஏன் பசு?" என்றாள் சின்னவள்.

"நாலு காலு இருக்குல்ல!" என்று அண்ணன் தமிழிலேயே விளக்கினான். அன்று மாலைக்குள், "அது என் பசு! என் குழி!" என்று வீடே அமளிப்பட்டது.

வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. தமிழ் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று என்பது நமக்குப் பெருமையே. அது நம் பிள்ளைகள் சண்டையிடும் மொழியாகவும் இருக்க வேண்டாமா?