விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

 

வழக்கமா நான் இங்க போடுறது அன்னதான லிஸ்ட், உபயக்காரங்க பேரு, யாரு எத்தனை மணிக்கு காய்கறி வெட்ட வரணும், இவ்வளவுதான். இன்னைக்கு கொஞ்சம் நீளமா எழுதுறேன். நேரம் இருக்கிறவங்க படிங்க.

போன வாரம் அண்டா கழுவுற இடத்துல ஒரு தம்பி என்னைத் தனியா கூப்பிட்டாரு. (அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரு வேண்டாம்.) "அங்கிள், தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்கப் போறேன். பயத்துக்கும் படபடப்புக்கும் டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். விரதம் ஆரம்பிக்கிற அன்னைக்கே நிறுத்திடலாம்னு பார்க்கிறேன். வாழ்நாள் பூராவுமா சாப்பிட முடியும்?" என்றார்.

எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிருச்சு. அதே காரியத்தை நான் செஞ்சு அனுபவிச்சவன்.

ஆமாங்க, நானும் அந்த மாத்திரை சாப்பிடுறவன்தான். ஏழு வருஷம் ஆச்சு. உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

2017ல ஆரம்பிச்சது. நான் வேலை செய்யுறது கையுறை தொழிற்சாலை. அன்னைக்கு நைட் ஷிப்ட், மணி ரெண்டு இருக்கும். லைன் நல்லாதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சது, கை மரத்துப் போச்சு, மூச்சு வரல. செத்துட்டேன்னே நினைச்சேன். ஆஸ்பத்திரில இருதயத்தைப் பரிசோதிச்சுட்டு ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாங்க. ஒரே மாசத்துல மூணு தடவை இப்படி. மூணாவது தடவை ஒரு நண்பர் சிரிச்சுக்கிட்டே, "அடுத்து தஞ்சோங் ரம்புத்தான்தான்" என்றார்.

பேராக்காரங்களுக்கு விளக்கணுமா? அந்த மனநல மருத்துவமனை 1911ல திறந்தது. நூறு வருஷத்துக்கு மேலா அந்த ஊர் பேரே ஒரு வசவாப் போச்சு. அந்த மருத்துவமனைக்கு இப்ப 'பஹாகியா'ன்னு பேரு, மகிழ்ச்சின்னு அர்த்தம். யாரு அப்படிச் சொல்றாங்க? நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல. நாங்க சேட்டை பண்ணினா அம்மா, "ரம்புத்தானுக்கு அனுப்பிருவேன்"னுதான் மிரட்டுவாங்க. அந்தப் பேச்சுக்குப் பயந்து நான் யார்கிட்டயும் சொல்லல.

ரகசியமா ஒரு தனியார் கிளினிக் போனேன். அல்பிரசோலம் கொடுத்தாங்க, சானெக்ஸ்னு சொன்னா தெரியும். அரை மணி நேரத்துல பயம் பஞ்சாப் பறந்துரும். பெரிய வரம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அரை மாத்திரை ஒண்ணாச்சு, ஒண்ணு ரெண்டாச்சு. சில வாரத்துக்கு மேல இதைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல. எட்டு மாசம் சாப்பிட்டேன். ஒரு தடவை தீர்ந்து போய் மூணு ராத்திரி கண்ணு மூடல, கை நடுக்கம் நிக்கல. அப்பதான் புரிஞ்சது, நான் மாத்திரையைச் சாப்பிடல, அதுதான் என்னைச் சாப்பிடுதுன்னு. இந்த வகை மாத்திரைக்கு உடம்பு அடிமையாகும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2020ல இருக்கிறதுலேயே கடுமையான எச்சரிக்கையைப் போடச் சொல்லிருச்சு. திடீர்னு விட்டா வலிப்புகூட வரலாம். தண்ணி அடிக்கிறவங்க இதோட சேர்த்து எடுத்தா மூச்சே நின்னு போகலாம். நம்ம கோயிலுக்கு வர்ற வயசானவங்க தூக்கத்துக்குன்னு இந்த வகையைச் சாப்பிட்டா, ராத்திரி எழுந்து நடக்கிறப்போ விழுந்து இடுப்பு எலும்பு உடையுற ஆபத்தும் இருக்கு.

2018ல அரசாங்க கிளினிக் போனேன். பதிவுக்கு ஒரு வெள்ளி. அங்கேருந்து நிபுணர்கிட்ட அனுப்பினாங்க, அதுக்கு அஞ்சு வெள்ளி. பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, செர்ட்ரலின்னு வேற ஒண்ணு ஆரம்பிச்சாங்க. இது அரை மணி நேரத்துல வேலை செய்யாது. முதல் ரெண்டு வாரம் குமட்டல், வேர்வை, பயம்கூட கொஞ்சம் கூடிச்சு. ஒரு மாசத்துக்கு அப்புறம் ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு மோட்டார்ல வீட்டுக்கு வர்றப்போதான் கவனிச்சேன், இன்னைக்குப் பயமே வரலையேன்னு. கூடவே மூச்சுப் பயிற்சி, பயந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் நிக்கிற பயிற்சி எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. அதுவும் உதவிச்சு.

நல்லா ஆயிட்டேன். ஆனதும் புத்தி கெட்டுச்சு.

2020 தைப்பூசத்துக்கு கல்லுமலையில காவடி எடுக்குறதா வேண்டுதல். 48 நாள் விரதம். உடம்பும் மனசும் சுத்தமா இருக்கணும், ரசாயனம் எதுக்குன்னு நானே முடிவு பண்ணி, டிசம்பர் மாசம் ஒரு நாள் மாத்திரையை அப்படியே விட்டுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லல. வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லல. நாலாவது நாள் தலையைத் திருப்பினா உள்ளுக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுர்ர்னு ஓடுது. தலை சுத்தல். லைன்ல வேலை செய்யுற பிள்ளைங்க மேல சும்மா சும்மா எரிஞ்சு விழுந்தேன். இத்தனைக்கும் நான் சூப்பர்வைசர். சூடா ஓடுற லைனை திடீர்னு நிறுத்தினா உள்ள இருக்கிறது பூரா ரிஜெக்ட்னு பத்து பேருக்கு பாடம் எடுக்கிறவன்.

மூணு வாரம் கழிச்சு கோலகங்சார்ல ஒரு கல்யாணம். மெனோரா சுரங்கத்துக்குள்ள கார் நுழைஞ்சதும் பழைய பயம் அப்படியே வந்து உக்காந்துருச்சு. பக்கத்துல மனைவி, பின்னால பேத்தி. ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்துச்சு. சுரங்கம் தாண்டி ஓரமா நிறுத்தி கதவைத் திறந்து தரையில உக்காந்துட்டேன். பக்கத்துல லாரிங்க சர்ரு சர்ருனு போகுது. பேத்தி, "தாத்தா, சாமி வந்திருச்சா?"ன்னு கேட்டா.

அன்னைக்கு சாயந்தரம் குருக்கள்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். அவரு மகாபாரதத்தைச் சொன்னாரு. உத்தியோக பருவத்துல, விரதத்தைக் கெடுக்காத பொருள்னு எட்டு சொல்லியிருக்காம். தண்ணி, கிழங்கு, பழம், பால் எல்லாம் வரும். அந்த எட்டுல மருந்தும் ஒண்ணு. "சாஸ்திரமே விட்டுக் கொடுத்ததை நீ ஏன்யா விடாப்பிடியா பிடிக்கிற?" என்றார்.

மறுநாளே டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சேன். அந்த வருஷம் காவடி எடுக்கல. பந்தல்ல நின்னு மோர் ஊத்தினேன்.

இதோட நிறுத்தினா மாத்திரைக்கு விளம்பரம் பண்ற மாதிரி ஆயிரும். அதனால இன்னொரு பக்கத்தையும் சொல்றேன்.

அடுத்த மாசமே கட்டுப்பாட்டு ஆணை வந்துச்சு. நாடே அடங்கிக் கிடக்க, கையுறை லைன் மட்டும் ராத்திரி பகலா ஓடுது. பயம் கூடி, மாத்திரை 100 மில்லிகிராம் ஆச்சு. வேலை தடையில்லாம பார்த்தேன். ஆனா உடம்பு எட்டு கிலோ ஏறிச்சு. புருஷன் பொண்டாட்டி விஷயத்துலயும் ஆர்வம் போயிருச்சு. (வெட்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் ரெண்டு வருஷம் சொல்லாம இருந்தது என் மடத்தனம்.) இதெல்லாம்கூட பரவாயில்லை.

2022ல அம்மா தவறிட்டாங்க. விடியக்காலை பெரட்டுக்கு ஓடி, பால்மரம் சீவி எங்க அஞ்சு பேரை வளர்த்தவங்க. கொள்ளி வைச்சது நான். ஒரு சொட்டு கண்ணீர் வரல. துக்கம் இருக்குன்னு தெரியுது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி. அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கல. யோசிச்சுப் பார்த்தா கோயில்லயும் அப்படித்தான் இருந்திருக்கேன். முன்னெல்லாம் பால் அபிஷேகம் பார்த்தா கண்ணு தன்னால கலங்கும். ரெண்டு வருஷமா சாமிக்கு முன்னால சும்மா நின்னிருக்கேன். பயத்தை அடக்குற மருந்து மத்த உணர்ச்சியையும் சேர்த்து மழுங்க வைக்கலாம்னு டாக்டர்கிட்ட சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. எல்லாருக்கும் இப்படி ஆகுறதில்லையாம். எனக்கு ஆச்சு.

எட்டு மாசத்துல 100ஐ 75 ஆக்கி, அப்புறம் 50 ஆக்கினாங்க. 2023 ஆடி மாசம் அம்மனுக்கு அபிஷேகம் நடக்கிறப்போ கண்ணு கலங்குச்சு. தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். அம்மனுக்கா, எங்கம்மாவுக்கா, யாருக்காக அழுதேன்னு தெரியல.

போன வருஷம் 25க்கு இறங்கிப் பார்த்தோம். ஆறு வாரத்துல பயம் திரும்பிருச்சு. மறுபடி 50தான். பொதுவா நல்லானப்புறம் ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷம் வரைக்கும் சாப்பிட்டு, அப்புறம் படிப்படியா இறங்கி நிறைய பேரு நிறுத்திடலாமாம். என்னை மாதிரி திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு ரொம்ப காலம் ஆகலாம். வாழ்நாள் பூராவும்னாலும் எனக்கு இப்ப கோபம் இல்லை.

ஏன்னா எங்கப்பாவை நினைச்சுப் பார்க்கிறேன். அவருக்கும் இதே படபடப்புதான் இருந்திருக்கணும். நடுராத்திரி எழுந்து லயத்து வாசல்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. தோட்டத்து டிரஸ்ஸர் கலர் தண்ணி மருந்து கொடுத்தாரு, பூசாரி விபூதி போட்டாரு. கடைசில அப்பா கண்டுபிடிச்ச மருந்து சம்சு. அம்பது வயசைத் தொடல. தராசுல ஒரு தட்டுல என் எட்டு கிலோவையும் வராத கண்ணீரையும் வைக்கிறப்போ, இன்னொரு தட்டுல அப்பாதான் வந்து உக்கார்றாரு.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவரு சாப்பிடுறது என்ன வகை, எத்தனை நாளா, எனக்குத் தெரியாது. குறைக்கிறதா வேண்டாமான்னு சொல்ல வேண்டியது அவரு டாக்டர். பால்குடம் எடுக்கட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும், நிறுத்துற பேச்சை அங்க போய் பேசலாம்னு முடிவாச்சு. தனியா போக கூச்சமா இருக்காம், அதனால வர்ற வியாழக்கிழமை நானும் கூடப் போறேன். ஏழரைக்கெல்லாம் நம்பர் எடுக்கணும்.

ஆகவே வியாழன் காலையில சமையல்கட்டுக்கு நான் வர மாட்டேன். பூசணிக்காய் வெட்ட ரெண்டு பேரு கூடுதலா வேணும். வர்றவங்க கீழே பேரு போடுங்க.