பெத்தது எத்தனை, தங்கினது எத்தனை?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் வருகைப் பதிவேட்டில் சில பெயர்கள் வரும். பிச்சையா, பிச்சம்மாள், குப்பம்மாள், மூக்கம்மாள். கூப்பிடும்போது மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிக்க விடமாட்டேன். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகளில் வைக்கிற பெயர்கள் அவை. பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுப்பார்கள், தவிட்டுக்குக் கொடுத்து வாங்குவார்கள், மூக்குக் குத்துவார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துவிட்டுப் போகட்டும் என்பது நம்பிக்கை.

அந்தக் காலத்து ஆச்சிகளிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால், "பெத்தது எட்டு, தங்கினது அஞ்சு" என்பார்கள். போனதையும் சேர்த்துத்தான் கணக்கு. இன்றைக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அப்படிச் சொல்ல நாம் இடம் கொடுப்பதில்லை.

போன வருஷம் என் தங்கச்சி மகளுக்கு எட்டாவது மாசத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஸ்கேன் பார்த்தவர்கள் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, "ஆம்பளையாள் யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்கள். உள்ளே வந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். பிரசவம் ஆனதும், பச்சைப்பிள்ளைகள் அழுகிற வார்டிலேயே அவளுக்கும் கட்டில். அவள் கண் முழிப்பதற்குள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டார்கள். அவள் முகம் பார்க்கவில்லை.

மூணாம் நாள் பால் கட்டிக்கொண்டது. அப்படி ஆகும் என்று யாருமே சொல்லியிருக்கவில்லை. "பெரியம்மா, இது யாருக்கு வருது?" என்று என்னைக் கேட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள், "முகம் பாக்காததும் நல்லதாப் போச்சு", "அடுத்த வருஷம் ஒண்ணு பெத்துக்கிடலாம்", "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தியாட்டி?" என்றார்கள். ஒன்றரை மாசம் கழித்து, பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவரவில்லையே என்று போன் வந்தது. இவர்களில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. இந்த நேரத்தில் என்ன பேசவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, "டீச்சர், மருத்துவம் நான் சொல்லிக்கொடுக்கேன். பேசுறதுக்கு நீங்க வந்து ஒருநாள் வகுப்பு எடுங்களேன்" என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் படித்ததுதான். நடித்துப் பார்த்துப் படித்தால் மறக்காது என்பது அதில் ஒன்று. சரியென்று போனேன்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் பிள்ளை இறந்தாலும் அந்தச் செய்தி அங்கேதான் வரும். அந்தக் காலத்தில் மருத்துவச்சியும் வீட்டுப் பெரியவர்களும் பக்கத்தில் இருந்தார்கள். இப்போது அந்த நிமிஷத்தில் பக்கத்தில் நிற்பது இருபத்திரண்டு வயது நர்ஸ் பெண். உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் பிள்ளைகள் 28 வாரத்துக்கு மேல் வளர்ந்து உயிரில்லாமல் பிறக்கிறார்கள். எண்ணிக்கையில் நம் நாட்டின் பங்கு மிகப் பெரியது.

வகுப்பில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருத்தி தாய், ஒருத்தி நர்ஸ் என்று நடிக்கச் சொன்னோம். பழகியது இவ்வளவுதான்:

நின்றுகொண்டு சொல்லக்கூடாது, உட்கார்ந்து, தாயிடமே, துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். "துடிப்பு சரியாக் கிடைக்கல" என்று சுற்றி வளைத்தால் அவள் நம்பிக்கையோடு காத்திருப்பாள். "பிள்ளை இறந்துட்டும்மா, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

பிள்ளையைப் பார்க்கணுமா, தூக்கணுமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்கலாம். பெயர் வைத்திருந்தால் பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

முடிந்தால் கட்டிலை மாற்றிப் போட வேண்டும். கேஸ் ஷீட்டில் ஒரு அடையாளம் போட்டால், ஷிப்ட் மாறி வருகிறவர் "என்ன பிள்ளை?" என்று கேட்கமாட்டார்.

இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் பால் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பு பாலுக்குத் தயாராகிவிடும். பிள்ளை இல்லை என்று அதற்குத் தெரியாது. துணியால் இறுக்கிக் கட்டக்கூடாது. அளவான உள்ளாடை, ஈரத்துணி ஒத்தடம், வலி தாங்காவிட்டால் கொஞ்சமாகப் பீய்ச்சிவிடுவது போதும். சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். பால் நிற்க மாத்திரை வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் எழுந்து, "டீச்சர், வார்டுல எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது" என்றாள். நியாயம்தான். அவளையே மறுபடி நடிக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்து, சொல்லி, கையைப் பிடித்து எழுந்தது வரை இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொருத்தி, "நாங்க அழுதா தப்பா?" என்றாள். கண் கலங்கினால் தப்பில்லை, ஆனால் தாய் நம்மைத் தேற்றும்படி வைத்துவிடக் கூடாது என்றாள் என் மாணவி.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா வரும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கே போய்ப் பச்சிளம் பிள்ளைகளைக் காப்பாற்ற வைத்தார்கள். 1999-ல் 'லான்செட்' இதழில் அந்த ஆய்வு வந்தது. 2011-ல் அது நாடு தழுவிய திட்டமானது. ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனவர் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா பணியாளர் போக வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டுக்கும் அந்த ஆறு நாளும் யாராவது போக வேண்டும் என்பதே என் ஆசை. ரத்தப்போக்கும் காய்ச்சலும் சோகையும் அவளுக்கும் வரும். தூக்கமில்லாமல், சாப்பிடாமல், வாழவே பிடிக்கவில்லை என்று பேசினால் உடனே மருத்துவ உதவி வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம், குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் அதில் அடக்கம் என்றது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றும் அதில் எழுதியிருந்தது. பிள்ளை இறந்து பிறந்தாலோ, பிறந்த 28 நாளுக்குள் இறந்தாலோ மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு என்று 2022 செப்டம்பரில் உத்தரவு வந்தது. உங்களில் அதிகாரிகளாக இருப்பவர்கள், விடுப்புக் கேட்டு வருகிற பெண்ணைக் கதை சொல்ல வைக்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

கணவனையும் மறந்துவிடாதீர்கள். அடக்கம் பண்ணிய கை அவனுடையது. "நீ தைரியமா இருந்தாத்தான் அவளைத் தேத்த முடியும்" என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போனோம். அவன் எங்கே போய் அழுவான்?

கடைசியாக, உறவுகளுக்கு. அடுத்த மாசம் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். "விசேஷம் ஏதும் உண்டா?" என்று யாரும் கேட்க வேண்டாம். பிள்ளைக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். என்ன பெயர் என்று கேளுங்கள். சொல்ல அவளுக்கு ஆசைதான். கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்